களப் பயிற்சி தருவதாக அழைக்கும் புகைப்பட நிறுவனங்கள்: நுண்கலை மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நுண்கலை படித்துக்கொண்டே புகைப்பட இதழியலில் கால்பதிக்க நினைக்கும் மாணவர்களை, களப் பயிற்சி என்ற பெயரில் சேர்த்துக்கொண்டு அவர்களுடைய படங்களை மொத்தமாகத் தமதாக்கிக்கொண்டு இதழ்களுக்குக் கொடுக்கும் புகைப்பட நிறுவனங்கள் இருக்கின்றன. அத்தகைய நிறுவனம் ஒன்று என்னை ஏமாற்றிய விதத்தை, இதே அழைப்பு வந்திருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பத்திரிகையாளர் அடையாள அட்டைக்கென்று கட்டணம் கேட்டார்கள். அட்டையில் நிறுவனத்தின் சின்னமும் 'பிரஸ்' என்ற பெரிய எழுத்துகளும் இருந்தனவே தவிர, வழங்கியவரின் கையொப்பமோ சரிபார்ப்பதற்கான எண்ணோ இல்லை. அதை நீட்டிய முதல் வாசலிலேயே காவலர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு அவர்களே நடத்தும் 'சர்வதேச விருது'க்கு நுழைவுக் கட்டணம் கேட்டார்கள். (1955 முதல் நடந்துவரும், செய்திப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டிக்கே நுழைவுக் கட்டணம் கிடையாது.) அந்தப் பணம் போனது போகட்டும்.

உண்மையான இழப்பு ஒப்பந்தத்தில் இருந்தது. பயிற்சிக் காலத்தில் எடுக்கும் எல்லாப் படங்களின் உரிமையும் உலகெங்கும், காலவரையறையின்றி, நிறுவனத்துக்கே சேரும் என்றும், படத்தில் பெயர் இடும்படி கேட்கும் உரிமையை மாணவர் விட்டுக்கொடுக்கிறார் என்றும் அதில் இருந்தது. இவையெல்லாம் வழக்கமான நிபந்தனைகள்தாம் என்று ஒருங்கிணைப்பாளர் உறுதி கூறினார், அது பொய். பதிப்புரிமை குறித்து 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எங்கும் பதிவு செய்யாமலேயே படத்தின் பதிப்புரிமை பிறக்கிறது. 1947இல் மேக்னம் என்ற புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கிய புகைப்படக்காரர்கள் வலியுறுத்தியதும், உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பதைத்தான்.

அந்த நிபந்தனையின் முழு விளைவும் ஒரு போராட்டப் படத்தின் மூலம் தெரிந்தது. நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, மறுகையில் மருந்துப் பையுடன் நடைமேடை விளிம்பில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவரை, அவரிடம் கேட்டு, பேசிய பின்னரே எடுத்தேன். அவர் போராட வந்தவர் அல்லர். மருந்து வாங்கிக்கொண்டு அவ்வழியே போனவர். படக்குறிப்பில் அதைத் தெளிவாக எழுதி அனுப்பினேன். நாளிதழ் ஒன்றில் படம் வெளிவந்தபோது, மருந்துப் பை இருந்த பக்கம் வெட்டப்பட்டு, 'கல்வீச்சில் ஈடுபட்டுக் காயமடைந்தவர்' என்ற குறிப்புடன் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. கோப்பின் மெட்டாடேட்டாவிலும் (படத்தோடு சேர்ந்தே பதிந்திருக்கும் விவரங்களிலும்) என் பெயரை அழித்துத் தம் பெயரை இட்டிருந்தார்கள். ஓவிய வகுப்பில் தலைப்பில்லாமலே ஒரு படைப்பை மாட்டிவிடலாம். செய்திப் படத்தில் குறிப்பு தவறினால் படமே பொய்யாகிவிடும், அதற்கான விலையை அதில் இருப்பவர்தான் கொடுப்பார்.

வெட்டப்படாத மூலக் கோப்பையும் நான் அனுப்பிய படக்குறிப்பையும் காட்டியதும், நாளிதழ் ஆசிரியர் குழு திருத்தம் வெளியிட்டது. நிறுவனமோ ஒப்பந்த நிபந்தனையை மேற்கோள் காட்டி, படம் தங்களுடையது என்று ஒரே வரியில் பதில் அனுப்பியது. என் படத்தொகுப்பில் அதைச் சேர்ப்பதற்குக்கூட உரிமக் கட்டணம் கேட்டது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது தாம் எடுத்த படங்களை அனுமதியின்றிப் பயன்படுத்திய ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம், கெட்டி இமேஜஸ் புகைப்பட நிறுவனம் ஆகிய பெரிய நிறுவனங்களை எதிர்த்துப் புகைப்படக்காரர் டேனியல் மோரெல் வழக்காட முடிந்தது. 2013இல் நியூயார்க் ஜூரி அவருக்கு 12 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. உரிமை அவரிடமே இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. எழுதிக் கொடுத்துவிட்டவருக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது.

ஆகவே, இத்தகைய ஒப்பந்தம் உங்களிடம் வந்தால், படத்தை எந்த ஊடகத்தில், எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் உரிமமாக மட்டும் மாற்றித் தரும்படியும், படக்குறிப்பை உங்கள் ஒப்புதலின்றி மாற்றக்கூடாது என்ற வரியைச் சேர்க்கும்படியும் எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், ரா கோப்புகளையும் (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்புகளையும்) நீங்கள் அனுப்பிய குறிப்புகளையும் தேதியுடன் தனியே பாதுகாத்து, ஊடகச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.