கான்கிரீட்டுக்குள் மறையும் முன் ஒரு போட்டோ

நான் வேலை பார்ப்பது சார்ஜாவில். வீடு கட்டியது அறந்தாங்கி பக்கம். கட்டி முடிக்க 14 மாதம் ஆனது. வீட்டில் ஆட்கள் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. நேரில் நிற்க முடியாததால் போனை வைத்துத்தான் வேலையைக் கவனித்தேன்.

முதலில் வாங்கியது சிம் போடும் சோலார் கேமரா. ஆள் வந்தார்களா, சிமென்ட் இறங்கியதா என்று பார்க்க அது போதும். தளத்தில் பாத்தி கட்டிய தண்ணீர் நிற்கிறதா என்பதும் தெரிந்தது. பி.பி.சி. எனும் சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் புதுக் கான்கிரீட்டில் குறைந்தது 10 நாள் ஈரம் காயக்கூடாது, அதை 14 நாள் வரை நீட்டலாம் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. ஒன்பதாம் நாள் மதியம் தளம் வெளுத்துக் கிடந்தது. உடனே மாமனாருக்குப் போன் போட்டேன், அரை மணியில் மோட்டார் ஓடியது. ஆனால் கம்பி சரியாகக் கட்டியிருக்கிறதா என்பது அந்தக் கேமராவில் தெரியாது.

அதைக் காட்டியது சாதாரண போட்டோதான். தேதி, நேரம், இடம் மூன்றும் படத்திலேயே பதியும் ஆப் ஒன்றை மாமனார் போனில் ஏற்றிக் கொடுத்தேன். டேப்பைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்து எடுக்கச் சொன்னேன். பில்லர் கம்பிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் இடைவெளி, வரைபடத்தில் 6 இன்ச் என்றிருந்தது, 8 இன்ச்சைத் தொட்டது. கம்பி பலகையை ஒட்டாமல் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் இருக்க வேண்டிய இடத்தில் ஜல்லியைச் சொருகியிருந்தார்கள். மறுநாள் கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அடைப்பு.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "தம்பி, ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம்" என்றார். "இருக்கட்டும்ணே, கம்பியும் ஒரு நாள் கூலியும் நான் தர்றேன், பிரிச்சுக் கட்டிருங்க" என்றேன். கட்டினார். அந்தக் கூலி எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

ஒன்று கவனியுங்கள்: வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் படம் சுருங்கி, டேப்பில் இருக்கும் எண் மங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ட்ரோனிலும் ஒருமுறை எடுத்தோம். ஒரு வீட்டுக்கு அது தேவையில்லை.

பூச்சுக்கு முன்னால் சுவர் சுவராக எடுத்த பைப், வயர் படங்கள் இன்றைக்கும் கைகொடுக்கின்றன. போன மாதம் கீசர் மாட்ட வந்தவர் துளை போடப் பென்சிலால் குறித்துவிட்டார். என் மனைவி அந்தச் சுவரின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். குறித்த இடத்துக்கு நேர் பின்னால் தண்ணீர் பைப். நாலு விரல் தள்ளித் துளை போட்டார்.