புறக்கோட்டை இடியப்பக் கடை, பை வைக்கவும் இடம் இருக்கு

கொழும்பு கோட்டை ஸ்டேசன்ல இறங்கி ஒல்கொட் மாவத்தையைக் கடந்து, மூட்டை தூக்குற நாட்டாமிமார் வண்டி நிறுத்துற குறுக்குத் தெருவுக்குள்ள போனா போர்ட் கூட இல்லாத ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை, விடிய நாலரைக்கே திறந்துடுவாங்க. இடியப்பம் சூடா இருக்கும், சம்பல் நல்ல உறைப்பு, சொதிதான் கொஞ்சம் தண்ணி. பத்துப் பேருக்கு மேல இருக்க ஏலாது, ஃபேன் ஒன்னே ஒன்னு. சாப்பாட்டுக்கு அஞ்சுல மூணரை குடுப்பேன்.

மிச்ச ஒன்றரை அந்தச் சுவருக்கு. காசு மேசைக்குப் பின்னால சுவர் முழுக்க ஆணி, ஒவ்வொரு ஆணியிலயும் ஷொப்பிங் பேக், உரப் பை, ஜிப் போன ஸ்கூல் பேக்னு தொங்குது. எல்லாம் பேமென்ட்ல படுக்கிறவங்களோடது. காலையில ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு பையைக் குடுத்துட்டு மூட்டை தூக்கப் போவாங்க, பூட்டுறதுக்கு முன்னால வந்து எடுப்பாங்க, அதுக்குக் காசு இல்ல. கடைக்கார நானாகிட்ட ஏன் இதெல்லாம்னு கேட்டேன். "பையைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு எப்பிடித் தம்பி மூட்டை தூக்குறது"ன்னார்.

எனக்குப் பக்கத்துல ஒரு ஐயா, எழுபது வயசு இருக்கும், தன் பையில இருந்து கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டினார். பொலித்தீன்ல மூணு சுத்து சுத்தி றப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கார். முந்தின கொப்பி ரோட் கிளீன் பண்ண வந்த லொறியில பாயோட சேர்ந்து போயிட்டாம், பிரசர் குளிசைக்கு முதல்ல இருந்து அலைஞ்சாராம். ஐடென்டிட்டி கார்டும் அதோட போச்சு. புதுசு எடுக்க கிராம சேவகர்கிட்ட போகணும், அவர் கேக்கிற முதல் கேள்வியே எந்த வீடுங்கிறதுதான். வீடு இல்லாததால கார்ட் இல்ல, கார்ட் இல்லாததால உதவிப் பணம், நிரந்தர வேலை ஒன்னும் இல்ல.

அன்னைக்கு முன் மேசையில இருந்த ஒருத்தர், "இப்பிடி இடம் குடுத்தா இன்னும் கூடுவாங்க, பொலிஸ் ஏத்திட்டுப் போகணும்"னு சொன்னார். அவருக்கு அந்தத் தெருவுல கடை இருக்கு, விடிய ஷட்டர் திறக்கையில மூத்திர நாத்தம்னா யாருக்கும் எரியும்தான். ஆனா அதுக்கு வேணும்கிறது ராத்திரியும் திறந்திருக்கிற கக்கூஸ். ஏத்திட்டுப் போறதை வெள்ளைக்காரன் 1841ல அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் போட்ட காலத்துல இருந்து பார்த்தாச்சு, அம்பாந்தோட்டைப் பக்கம் ரிதியகம தடுப்பு இல்லத்துக்கு அனுப்பியும் பார்த்தாச்சு, புறக்கோட்டை பேமென்ட் இன்னும் காலியாகல.

பின்லாந்துல 2008ல இருந்து முதல்ல வீட்டுச் சாவியைக் கையில குடுக்கிறாங்க, குடியை விடு, வேலை தேடுங்கிற பேச்செல்லாம் அதுக்குப் பிறகுதான். அதுல 2023க்குள்ள வீடில்லாதவங்க தொகை பாதிக்கு மேல குறைஞ்சிச்சு. அது பணக்கார நாடும்பீங்க, சரிதான், ஆனா 1987ஐ வீடற்றோருக்கான ஆண்டா ஐநா அறிவிச்சதே அப்ப நம்ம பிரதமரா இருந்த பிரேமதாச கொண்டு போன யோசனையிலதான், அந்த ஆண்டு வர்றதுக்கு முன்னாலயே 1984ல பத்து லட்சம் வீட்டுத் திட்டமும் தொடங்கியாச்சு. நம்மால யோசிக்க ஏலாத விஷயம் இல்லையே இது. சரி, வீடு நாளைக்கு வராது, பூட்டுப் போட்ட ஒரு அலுமாரி, குளிக்க ஒரு பைப், கடிதம் வர ஒரு விலாசம், இதையாவது முனிசிபல் நாளைக்கே செய்யலாம். ஒரு இடியப்பக் கடை ஆணி அடிச்சே அதுல ஒன்னைச் செஞ்சிருச்சு.

போறவங்க ஏழு மணிக்கு முன்னால போங்க, பிறகு இடியப்பம் முடிஞ்சிரும். சில்லறையா கொண்டு போங்க. இன்னொரு சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காசு குடுத்துட்டு வந்தா நானா கொப்பியில எழுதி வச்சு காசில்லாம வர்றவங்களுக்குக் குடுப்பார், தட்டுலயே போட்டு, மேசையில இருத்தி.