ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ்: எல்லாம் சரி, அந்த லட்சத்துக் கமா?

கணக்கு மென்பொருள் எழுதும் நண்பர் ஒருவர், "டேட்டாபேஸிலிருந்து ரிப்போர்ட் எடுக்க ஜாஸ்பர் கத்துக்கலாமா?" என்று கேட்டிருந்தார். ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் என்பது டேட்டாபேஸ் தகவலை அச்சுக்கும் பிடிஎஃபுக்கும் ஏற்ற அறிக்கையாக்கித் தரும் ஜாவா மென்பொருள். போனில் சொன்னால் நான் திட்டுவது மட்டும்தான் அவர் காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

ஆரம்பிப்பது பெரிய வேலை இல்லை. ரிப்போர்ட்டை வடிவமைக்கும் ஜாஸ்பர்சாஃப்ட் ஸ்டுடியோவில், டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவரைக் காட்டி, தகவலைக் கேட்கும் எஸ்க்யூஎல் குவெரியை ஒட்டினால் ஃபீல்டுகள் வந்துவிடும். இழுத்துப் போட வேண்டியதுதான். டீட்டெயில் பேண்ட் என்ற பகுதி, தகவலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை அச்சாகும். அதன் உயரத்தை ஃபீல்டு அளவுக்குச் சுருக்காமல் விட்டால் நாலு பக்கப் பட்டியல் பதினாலு பக்கம் ஓடும். ஃபீல்டு கீழே நீள அனுமதி கொடுக்காவிட்டால், நீளமான பெயர் வைத்த பார்ட்டி பாதியில் வெட்டுப்படுவார். இதெல்லாம் சீக்கிரம் கைக்குப் பழகிவிடும்.

எனக்குப் பழகாதது கமா. நிலுவை 12,34,567 ரூபாய் என்றால் தாளில் 1,234,567 என்று வரும். எண் எப்படி அச்சாக வேண்டும் என்று சொல்லும் பேட்டர்னில் #,##,##0.00 என்று போட்டுப் பாருங்கள், அசையாது. நியாயமாகச் சொன்னால் இது ஜாஸ்பர் செய்த வேலை இல்லை. அடியில் இருக்கும் ஜாவாவில் எண்ணை வடிவமைக்கும் டெசிமல்ஃபார்மேட் அப்படி. கடைசிக் கமாவுக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதை மட்டும் அது பார்க்கும், முன்னால் போட்ட கமாக்களைக் கண்டுகொள்ளாது. ஜாவா ஆவணத்திலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறது. லொகேலை, அதாவது நாடு-மொழி அமைப்பை, இந்தியா என்று மாற்றினாலும் அதே கதை. மில்லியன் கமாவோடு பேலன்ஸ் ஷீட்டைக் கொண்டுபோனால் ஆடிட்டர் தொகையைப் பார்க்க மாட்டார், நம்மைத்தான் பார்ப்பார்.

இணையத்தில் கேட்டால் எல்லோரும் ஒரே வழி சொல்வார்கள்: எண்ணை ஸ்ட்ரிங் ஆக்கி, கமாவை நாமே செருகுவது. பிடிஎஃப் அழகாக வரும். அதையே எக்செல்லுக்கு அனுப்பினால் தொகைகள் எல்லாம் டெக்ஸ்ட்டாக இறங்கும். கீழே சம் போட்டால் பூஜ்யம். கணக்குப் பிள்ளையின் போன் அதற்குப் பிறகு ஓயாது.

சரியான வழி ஜாஸ்பருக்குள்ளேயே இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. ரிப்போர்ட்டின் பண்புகளில் ஃபார்மேட் ஃபாக்டரி கிளாஸ் என்று ஓர் இடம் உண்டு. லட்சம் கோடிக் கமா தெரிந்த ஐசியூ4ஜே என்ற ஜாவா நூலகத்தை உள்ளே வைத்து ஒரு சின்ன கிளாஸ் (ஜாவா நிரல் துண்டு) எழுதி, அதன் பெயரை அங்கே கொடுத்தால் போதும். ரிப்போர்ட் முழுக்கக் கமா சரியாக விழும், மதிப்பும் எண்ணாகவே இருக்கும், எக்செல் ஏற்றுமதியில் டிடெக்ட் செல் டைப் அமைப்பை இயக்கிவிட்டால் கூட்டலும் வரும். காசு வாங்கும் மென்பொருள்கள் எத்தனையோ இப்படிக் கதவு திறந்து வைப்பதில்லை. ஓப்பன் சோர்ஸ், எல்ஜிபிஎல் உரிமம், லைசென்ஸ் செலவு கிடையாது. இதற்காகவே ஜாஸ்பருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அப்படியானால் கற்றுக்கொள்ளலாமா? இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்பேன். 7-ஆம் பதிப்பில் ரிப்போர்ட் டெம்ப்ளேட்டைச் சேமிக்கும் ஜேஆர்எக்ஸ்எம்எல் கோப்பின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய டெம்ப்ளேட்டுகளை ஸ்டுடியோவில் திறந்து புது வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பாதி ஃபோல்டர் பாக்கி. மாதம் நாலு ரிப்போர்ட் என்றால் எக்செல் பைவட் டேபிளே தாராளம். அதற்கு மேல் போனால் அந்த கிளாஸை நானே அனுப்பி வைக்கிறேன், கேளுங்கள்.