"லைஃப்டைம் லைட்ரூம்" வாங்கப் போகிறீர்களா? பணம் போவது சின்ன நஷ்டம்தான்

முகூர்த்த மாதம் நெருங்கினால் போதும், ஃபோட்டோகிராஃபர்களின் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் அந்த விளம்பரம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிடும். படங்களை அடுக்கி எடிட் செய்யும் அடோபி நிறுவனத்தின் லைட்ரூம், ஃபோட்டோஷாப், கூடவே ஒரு மூட்டை பிரீசெட் (ஆயத்த எடிட் அமைப்புகள்), எல்லாம் சில நூறு ரூபாய்க்கு, "லைஃப்டைம்". வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கடைசியில் அந்தச் சில நூறு ரூபாயைப் பற்றிப் புலம்புவதில்லை. வருடக்கணக்கில் போட்ட எடிட், தரம் பிரிக்கக் கொடுத்த ஸ்டார், தேடுவதற்கு அடித்துவைத்த கீவேர்டு எல்லாம் போய்விட்டதே என்றுதான் புலம்புகிறார்கள்.

அப்படி ஒரு பொருளே கடையில் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு முறை பணம் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ள முடிந்த கடைசி லைட்ரூம், 2015 ஏப்ரலில் வந்த 6ஆம் பதிப்பு. அதன் கடைசி அப்டேட் 6.14, 2017 டிசம்பரில் வந்தது. அதற்குப் பின் வந்த, படங்களைக் கணினியிலேயே வைத்திருக்கும் லைட்ரூம் கிளாசிக்கும் சரி, இணையத்தில் வைத்திருக்கும் கிளவுட் லைட்ரூமும் சரி, சந்தாவில் மட்டுமே. ஆகவே "லைஃப்டைம்" என்று விற்கப்படுவது கீழே உள்ள மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்று, உரிமச் சோதனையை உடைத்த பதிப்பு. பணம் கட்டியதும் ஒரு டிரைவ் லிங்க்கும் ஒரு வீடியோவும் வரும். வீடியோவின் முதல் படியே "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க". மென்பொருள் அடோபியின் சர்வரோடு பேசிவிடக் கூடாது என்பதற்காக எந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் வரிகள் சேர்த்திருப்பார்கள், இல்லையென்றால் ஃபயர்வாலில் தடை போட்டிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போய், ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். அடோபி பெயர் உள்ள வரிகள் தெரிந்தால் விஷயம் அதுதான். இதில் அப்டேட் கிடையாது. புது கேமரா வாங்கினால் அதன் ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்யும் மூல ஃபைல்) திறக்காது. அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். ஆன்டிவைரஸை அணைத்து, அட்மின் அனுமதியும் கொடுத்து, முகம் தெரியாத ஒருவரின் புரோகிராமை ஓடவிட்டிருக்கிறீர்கள். பிரவுசரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளை அது அள்ளிக்கொண்டு போகாது என்பதற்கு யார் ஜாமீன்?

இரண்டாவது வகை பார்ப்பதற்கு அசலைப் போலவே இருக்கும், அதனால்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஏதோ ஒரு கல்லூரியின் அல்லது நிறுவனத்தின் கணக்கில் உங்களை ஒரு உறுப்பினராகச் சேர்த்துவிடுவார்கள். அடோபி தளத்திலிருந்தே இன்ஸ்டால் ஆகும், அப்டேட் வரும், எல்லாம் வேலை செய்யும். ஆனால் லாகின் செய்யும்போது தனிநபர் கணக்கா, நிறுவனம் அல்லது பள்ளிக் கணக்கா என்று கேட்டால், அல்லது உங்கள் ப்ரொஃபைலில் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர் தெரிந்தால், சாவி உங்களிடம் இல்லை என்று அர்த்தம். அந்தக் கணக்கின் நிர்வாகி ஒரு கிளிக்கில் உங்களை நீக்கலாம். கிளவுடில் ஏற்றிய படங்களும் அந்த நிறுவனத்தின் இடத்தில்தான் இருக்கின்றன, உங்களை நீக்கினால் அவையும் சேர்ந்து போகும். லைஃப்டைம் என்றார்களே, யாருடைய லைஃப் என்று சொன்னார்களா?

மூன்றாவது, பழைய 6ஆம் பதிப்பின் சீரியல் எண்ணையே பலருக்கு விற்பது. ஒரு எண்ணை ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில்தான் ஆக்டிவேட் செய்ய முடியும். அடுத்தவர் முந்திக்கொண்டால் நீங்கள் வெளியே.

இனி, எடிட் எப்படித் தொலைகிறது என்று பார்ப்போம். லைட்ரூம் கிளாசிக் ரா ஃபைலுக்குள் எதையும் எழுதுவதில்லை. எக்ஸ்போஷரை ஏற்றியது, கிராப் செய்தது, நாலு ஸ்டார் கொடுத்தது எல்லாம் கேட்லாக் என்ற ஒரு டேட்டாபேஸில் பதிவாகிறது. நீங்கள் மாற்றாவிட்டால் அந்தக் கேட்லாக் சி டிரைவில், பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் லைட்ரூம் என்ற ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். படங்கள் டி டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ பத்திரமாக இருக்கும். உடைத்த பதிப்பு தகராறு செய்கிறது, வைரஸும் வந்துவிட்டது என்று சர்வீஸ் கடைக்குப் போவீர்கள். "டேட்டா எல்லாம் டி டிரைவில்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு சி டிரைவை ஃபார்மட் செய்துவிடுவார்கள். மறுநாள் ரா ஃபைல் அத்தனையும் இருக்கும், ஒரு எடிட் கூட இருக்காது. பேக்கப் எடுத்தேனே என்றால், லைட்ரூம் மூடும்போது கேட்டு எடுக்கும் பேக்கப்பும், இடத்தை நீங்கள் மாற்றாதவரை, அதே கேட்லாக்குக்குப் பக்கத்து ஃபோல்டரில்தான் விழுகிறது. அதே சி டிரைவ். போதாததற்கு, அந்த பேக்கப்பில் படங்கள் இருக்காது, கேட்லாக் மட்டும்தான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பதற்றத்தில் அன்இன்ஸ்டாலோ ஃபார்மட்டோ செய்ய வேண்டாம். மென்பொருள் திறக்கிற வரைக்கும் நேரம் இருக்கிறது. லைப்ரரி பகுதியில் எல்லாப் படங்களும் தெரியும்படி வைத்து, கன்ட்ரோல் + ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள், பிறகு கன்ட்ரோல் + எஸ். இது ஒவ்வொரு ரா ஃபைலுக்கும் பக்கத்தில் அதே பெயரில் எடிட், ஸ்டார், கீவேர்டு விவரங்கள் அடங்கிய ஒரு எக்ஸ்எம்பி ஃபைலை எழுதிவைக்கும். ஜேபெக், டிஎன்ஜி (அடோபியின் ரா வடிவம்) என்றால் ஃபைலுக்கு உள்ளேயே எழுதும். இனிமேல் தானாக நடக்க, கேட்லாக் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பக்கத்தில் மாற்றங்களை எக்ஸ்எம்பியில் எழுதும் தேர்வை டிக் செய்யுங்கள். மென்பொருளோடு வரும்போது அது ஆஃபில்தான் இருக்கும். எக்ஸ்எம்பியில் கலெக்‌ஷன், வர்ச்சுவல் காப்பி (ஒரே படத்தின் இன்னொரு எடிட்), ஸ்டாக் (ஒன்றாக அடுக்கிய படங்கள்), ஹிஸ்டரி (எடிட் படிகள்) ஆகியவை போகாது. அதனால் லைட்ரூமை முழுமையாக மூடிவிட்டுக் கேட்லாக் ஃபோல்டரையும் அப்படியே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுக்க வேண்டும். எல்ஆர்கேட் என்று முடியும் ஃபைலை மட்டும் எடுத்தால் போதாது. 11ஆம் பதிப்பிலிருந்து மாஸ்க் (படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் போடும் எடிட்) விவரங்கள் எல்ஆர்கேட்-டேட்டா என்ற தனி ஃபைலில் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு முகத்தில் போட்ட மாஸ்க் எல்லாம் திரும்ப வராமல் போகலாம். நாளை சொந்தச் சந்தா எடுத்தால் புதிய பதிப்பு பழைய கேட்லாக்கை மேம்படுத்தித் திறந்துகொள்ளும். தலைகீழாக நடக்காது: புதிய கேட்லாக்கைப் பழைய பதிப்பு திறக்காது.

காப்பி எடுத்து முடித்த பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் மாற்ற வேண்டாம், ஃபோனில் மாற்றுங்கள். யுபிஐயில் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். ஷாப்பிங் தளத்தில் வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நேர் வழியில் வாங்கினாலும் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். அடோபியில் "வருடாந்தரம், மாதாமாதம் கட்டணம்" என்ற திட்டம் மாதச் சந்தா அல்ல, 12 மாத ஒப்பந்தம். 14 நாளைக்குப் பிறகு நிறுத்தினால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்றுதான் அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபி மீது வழக்குப் போட்டது. சந்தா முடிந்தாலும் கிளாசிக் திறக்கும். எடிட் செய்யும் டெவலப், படம் எடுத்த இடத்தைக் காட்டும் மேப் பகுதிகள் மட்டும் பூட்டிக்கொள்ளும். தேடலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம்.

சந்தா இல்லாத மென்பொருள் மட்டும் நிரந்தரமா என்றால் அதுவும் இல்லை. ஆப்பிள் 2014 ஜூனில் தன் ஃபோட்டோ மென்பொருளான அப்பர்ச்சரைக் கைவிடுவதாக அறிவித்தது. 2019இல் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினாவில் அது ஓடவே இல்லை. லைட்ரூமுக்கு மாறியவர்களுக்குக் கீவேர்டும் ஸ்டாரும் கூடவே வந்தன, எடிட் வரவில்லை. கூகுள் தன் இலவச ஃபோட்டோ மென்பொருளான பிக்காசாவுக்கான ஆதரவை 2016 மார்ச்சில் நிறுத்தியது. எந்த ரா மென்பொருளின் எடிட்டும் இன்னொன்றில் அப்படியே திறக்காது, ஏனென்றால் ஒவ்வொன்றும் நிறத்தையும் வெளிச்சத்தையும் தன் கணக்கில் செய்கிறது. முக்கியமான படங்களை டிஃப் (தரம் குறையாத பட வடிவம்) ஆகவோ முழு அளவு ஜேபெக்காகவோ எக்ஸ்போர்ட் செய்து வைப்பதுதான் ஒரே காப்பீடு. 24 மெகாபிக்சல் படம் 16 பிட் டிஃப்பில் சுருக்காமல் சுமார் 144 எம்பி வரும், அதனால் ஆல்பத்துக்குத் தேர்வானவற்றுக்கு மட்டும் டிஃப்.

பணமே செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்குச் சட்டப்படியே வழி இருக்கிறது. அடுக்கிவைக்க டிஜிகேம், ரா எடிட்டுக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபி, மூன்றும் இலவசம். கேனான் வைத்திருப்பவர்களுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கேமரா நிறுவனங்களே இலவசமாகக் கொடுக்கின்றன. டார்க்டேபிள் பழகக் கடினம்தான், முதல் வாரம் திட்டிக்கொண்டேதான் வேலை செய்வீர்கள். ஆனால் எடிட்டை ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் எக்ஸ்எம்பி ஃபைலாகத் தானே எழுதிவைக்கிறது.

எதை எடுப்பதாக இருந்தாலும் கல்யாண ஆர்டரைக் கொட்டுவதற்கு முன் பத்து ரா ஃபைலைத் தனி ஃபோல்டரில் போட்டுச் சோதியுங்கள். ஸ்டார் கொடுங்கள், "முகூர்த்தம்", "நலங்கு" என்று தமிழிலேயே கீவேர்டு அடியுங்கள், இரண்டு படத்தைக் கிராப் செய்யுங்கள். மென்பொருளை மூடிவிட்டு அந்த ஃபோல்டரில் புதிதாக என்ன ஃபைல் வந்திருக்கிறது என்று பாருங்கள். எதுவுமே வரவில்லை என்றால் எல்லாம் அதன் டேட்டாபேஸுக்குள் மட்டும் இருக்கிறது. செட்டிங்ஸில் வெளியே எழுதும் தேர்வைத் தேடுங்கள். பிறகு அதே ஃபோல்டரை வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். ஸ்டார் வர வேண்டும், கீவேர்டு வர வேண்டும். தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியோ கிறுக்கலோ தெரிந்தால், பெரும்பாலும் படத்துக்குள் விவரம் எழுதும் பழைய ஐபிடிசி முறையில் எழுத்துக் குறியாக்கம் தவறாகப் பதிவாகியிருக்கும். எக்ஸ்எம்பியில் எழுதும்படி மாற்றிவிட்டு இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள்.