2.4 மில்லிகிராமா, 3 மில்லிகிராமா? கடும் மலேரியாவில் குழந்தைக்கு எவ்வளவு ஆர்டிசுனேட்?

கடும் மலேரியாவுக்கு ஆர்டிசுனேட் ஊசிதான் முதல் மருந்து. 2010-இல் வெளியான ஆப்பிரிக்க ஆய்வில் 5,425 குழந்தைகள். பழைய மருந்தான குவினைன் பெற்றவர்களில் 10.9 சதவீதம் பேர் இறந்தனர், ஆர்டிசுனேட் பெற்றவர்களில் 8.5 சதவீதம். சரி, மருந்து முடிவாகிவிட்டது. அளவு?

பழைய கணக்கு எளிது: யாராக இருந்தாலும் கிலோவுக்கு 2.4 மி.கி. ஆனால் சின்னக் குழந்தையின் உடல், எடைக்கு எடை பார்த்தால், மருந்தை வேகமாக வெளியேற்றிவிடுகிறது. தான்சானியக் குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த மருந்தின் அளவீடுகளை வைத்துக் கணினியில் ஒரு கணித மாதிரியை (model) ஓட்டியபோது இது தெளிவாகத் தெரிந்தது: அதே 2.4-இல் சின்னக் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருந்து குறைவு. எத்தனையோ அளவுகளைக் கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். உயிருக்குப் போராடும் குழந்தையிடம் அப்படிச் செய்ய முடியுமா?

அதனால் 2015-இல் உலக சுகாதார நிறுவனம் 20 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குக் கிலோவுக்கு 3 மி.கி. என்றது. 10 கிலோ குழந்தைக்கு 24-க்குப் பதில் 30 மி.கி.; 60 மி.கி. குப்பியில் சரிபாதி. நள்ளிரவு வார்டில் செவிலியருக்கு இது பெரிய உதவி.

குறையும் உண்டு. 19 கிலோ குழந்தைக்கு 57 மி.கி., 20 கிலோ குழந்தைக்குப் பழைய 2.4 கணக்கில் 48 மி.கி.! அமெரிக்கா 2020-இல் அனுமதித்தபோதும் எல்லா வயதுக்கும் 2.4-தான். கூடுதல் அளவு கூடுதல் உயிர்களைக் காக்கிறது என்று அந்தக் கணினி மாதிரி நிரூபிக்கவில்லை. ரத்தத்தில் மருந்து பெரியவர்களுக்குச் சமமாகும் என்றே காட்டுகிறது.

ஆனாலும் என் தேர்வு 3 மி.கி.தான். முதல் நாளிலேயே உயிர் போகக்கூடிய நோயில் குறைவாகக் கொடுப்பதுதான் எனக்குப் பெரிய பயம்.