பள்ளி அலுவலகத்தில் ரோபோகாப்பி: ஒரு வருஷம் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஏழு கணினிகள், ஒரு சர்வர். கட்டண ரசீது, சேர்க்கைப் பதிவேடு, வருகை எல்லாம் ஒரே மென்பொருளில்தான் ஓடுகிறது. அதை நிறுவுவதும் அப்டேட் போடுவதும் என் வேலை. போன வருஷம் வரை அந்த மென்பொருளின் இஎக்ஸ்இ (அதைத் திறக்கும் முதன்மைக் கோப்பு), சர்வரில் ஒரு பொது ஃபோல்டரில் இருந்தது. ஏழு மேசையிலும் அதற்கு ஒரு ஷார்ட்கட். நிறுவித் தந்தவர்கள் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனார்கள். ஓரிடத்தில் மாற்றினால் எல்லாருக்கும் மாறிவிடும் என்று அவர்கள் சொன்னபோது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

ஆனால் யாராவது திறந்து வைத்திருக்கும் இஎக்ஸ்இயின் மேல் புதியதை எழுத விண்டோஸ் விடாது. ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்து அப்டேட் போட்டேன். கணக்குப் பிரிவில் ஒரு கணினியைத் திரையைப் பூட்டி மட்டும் வைத்திருந்தார்கள். உள்ளே மென்பொருள் ஓடிக்கொண்டே இருந்தது. விளைவு, ஃபோல்டரில் மென்பொருளின் துணைக் கோப்புகளான டிஎல்எல்களில் பாதி புதுசு, பாதி பழசு. மறுநாள் கட்டணம் கட்டக் கடைசி நாள். முதல் ரசீதிலேயே பிழைச் செய்தி வந்தது. "சார், நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்ட அக்கவுண்டன்ட் மேடத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பெற்றோர் வரிசை நீண்டுகொண்டே போனது. மதியம் வரை கையால் ரசீது எழுதினோம்.

அதற்கப்புறம்தான் ஃபோல்டர்களை ஒப்பிட்டுக் கோப்புகளை நகலெடுக்கும் ரோபோகாப்பியைக் கையில் எடுத்தேன். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் என்டி காலத்தில் ரிசோர்ஸ் கிட் என்ற கருவித் தொகுப்பில் தனியாகக் கிடைத்த கட்டளை இது. விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. கருப்புத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்தால் போதும்.

இப்போதைய ஏற்பாடு இப்படி: தரவு மட்டும் சர்வரில். மென்பொருள் ஒவ்வொரு கணினியின் சி டிரைவிலும் ஒரு தனி ஃபோல்டரில். சர்வரில் 'புதுப்பதிப்பு' என்று ஒரு ஃபோல்டர்; ஊழியர்களுக்கு அதைப் படிக்க மட்டுமே அனுமதி. மேசையில் இருக்கும் ஷார்ட்கட் நேராக மென்பொருளைத் திறக்காது. கட்டளைகளை வரிசையாக ஓட்டும் இரண்டு வரி பேட்ச் ஃபைல் ஒன்றைத் திறக்கும். முதல் வரியில் ரோபோகாப்பி சர்வர் ஃபோல்டரையும் உள்ளூர் ஃபோல்டரையும் ஒப்பிட்டு, மாறிய கோப்புகளை மட்டும் இழுத்து வரும். இரண்டாம் வரி மென்பொருளைத் திறக்கும். அளவும் தேதி நேரமும் ஒத்துப்போகும் கோப்பை அது தொடுவதே இல்லை. அப்டேட் எதுவும் இல்லாத நாளில் கருப்புத் திரை கண் சிமிட்டும் நேரம் வந்து போகும், அவ்வளவுதான்.

இதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். மூன்றிலும் நான் அடிபட்டேன்.

முதலாவது, மறுமுயற்சி. ஒரு கோப்பு பூட்டியிருந்தால் ரோபோகாப்பி 30 செகண்ட் காத்திருந்து மறுபடி முயலும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அப்படி 10 லட்சம் தடவை முயலும். கணக்குப் போட்டால் 347 நாள்! சோதித்துப் பார்த்த முதல் இரவு அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் அதே கோப்பில் நின்றுகொண்டிருக்கிறது. கட்டளையோடு சேர்த்து எழுதும் குறிகளுக்கு ஸ்விட்ச் என்று பெயர். ஆர் ஸ்விட்சுக்கு 2, டபிள்யூ ஸ்விட்சுக்கு 3 என்று (/R:2 /W:3) கொடுங்கள். இரண்டு தடவை, மூன்று செகண்ட் இடைவெளி. போதும்.

இரண்டாவது, மிரர் ஸ்விட்ச். மூலத்தில் இல்லாத எதுவும் சேருமிடத்தில் இருக்கக் கூடாது என்று அது அழித்துவிடும். எந்த பிரின்டரில் ரசீது போக வேண்டும் என்ற செட்டிங் ஃபைல் ஒவ்வொரு கணினியிலும் மென்பொருள் ஃபோல்டருக்குள்தான் இருந்தது. ஏழும் ஒரே காலையில் போயிற்று. எக்ஸ்எஃப் ஸ்விட்சில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அழிக்காமல் விட்டுவிடும். அதைவிட முக்கியம், எந்த மாற்றத்தையும் முதலில் எல் ஸ்விட்சோடு ஓட்டிப் பாருங்கள். எதை நகலெடுப்பேன், எதை அழிப்பேன் என்று பட்டியல் மட்டும் காட்டும். ஒரு கோப்பையும் தொடாது. அன்றைக்கு இதைச் செய்திருந்தால் ஏழு பிரின்டரையும் மறுபடி அமைக்க வேண்டி வந்திருக்காது.

மூன்றாவது, டிரைவ் எழுத்து. பொது ஃபோல்டரை இசட் டிரைவ் என்று மேப் செய்து வைத்திருந்தோம். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் அந்த இசட் அங்கே தெரியாது. சர்வரின் பெயரோடு முழுப் பாதையையும் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். வேலை முடிந்ததும் ரோபோகாப்பி தரும் எண் 1 என்றால் தோல்வி இல்லை, கோப்புகள் நல்லபடியாக நகலாகின என்று அர்த்தம். 8க்குக் கீழே எதுவும் பிழை கிடையாது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் 1 என்று பார்த்துவிட்டு அரை நாள் தேடினேன்.

தரவுத்தளத்தின் அமைப்பே மாறும் அப்டேட் என்றால் கதை வேறு. அன்றைக்கு எல்லாரையும் வெளியே வரச் சொல்லி, பேக்கப் எடுத்து, தரவுத்தளத்தை மாற்றிவிட்டு, அதன்பிறகே புதுப்பதிப்பு ஃபோல்டரில் கோப்புகளை வைக்கிறேன். உண்மையிலேயே வெளியே வந்துவிட்டார்களா என்று பார்க்க சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திறந்து, ஷேர்டு ஃபோல்டர்ஸில் ஓப்பன் ஃபைல்ஸ் பார்ப்பேன். எந்தக் கோப்பு யார் பெயரில் திறந்திருக்கிறது என்று வரும். "உங்க மிஷின்ல இன்னும் திறந்திருக்கு மேடம், கொஞ்சம் மூடிடுங்க" என்று இன்டர்காமில் சொன்னால் முடிந்தது.

ஒரு ஃபோல்டரில் அடங்கும் மென்பொருளுக்கு மட்டும்தான் இதெல்லாம். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுத வேண்டும், மென்பொருள் ஓட அடித்தளமான டாட்நெட்டின் புதுப் பதிப்பு வேண்டும், பின்னணியில் சர்வீஸ் ஓட வேண்டும் என்றால் ரோபோகாப்பியால் ஆகாது. டொமைன் (எல்லாக் கணினிகளையும் ஒரு சர்வரிலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) வைத்திருப்பவர்கள், எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்பை அதன் குரூப் பாலிசி வழியாக அனுப்பலாம். எங்களிடம் டொமைன் இல்லை. அப்படி ஒரு அப்டேட் வந்தால் பென் டிரைவோடு ஏழு மேசைக்கும் நான்தான் நடக்கிறேன். இந்த ஒரு வருஷத்தில் அப்படி நடந்தது இரண்டு தடவைதான்.