ஆக்ரோஷத்தின் காரணம்: விரக்தியா, பார்த்துக் கற்றதா?

பிள்ளை பிறரை அடிக்கும்போது, அது உள்ளே எழுந்த கோபமா, வெளியே பார்த்துப் பழகியதா என்று தடுமாறும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உளவியல் இரு விளக்கங்களைத் தருகிறது.

தோற்றம்
விரக்திக் கோட்பாடு: இலக்கு தடைபடுவதே, அதாவது விரக்தியே, ஆக்ரோஷத்தின் மூலம் என்று 1939இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் டொலார்டு குழுவினர் முன்வைத்தனர்.
சமூகக் கற்றல்: பிறர் செயலைக் கண்டே வன்முறை பழகப்படுகிறது என்பது உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுராவின் வாதம்.

சான்று
விரக்திக் கோட்பாடு: தடைபட்ட அனைவரும் தாக்குவதில்லை என்பதால், விரக்தி முதலில் எதிர்மறை உணர்வையே எழுப்புகிறது என்று உளவியலாளர் லியோனார்டு பெர்கோவிட்ஸ் பின்னர் இதைத் திருத்தினார்.
சமூகக் கற்றல்: 1961இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 72 குழந்தைகளைக் கொண்டு பண்டுரா குழுவினர் நடத்திய சோதனையில், பெரியவர் பொம்மையைத் தாக்குவதைக் கண்டவர்கள் அதே அடிகளையும் சொற்களையும் திரும்பச் செய்தனர். ஆனால், அடிப்பதற்கென்றே அமைந்த பொம்மையைக் குத்துவதும் மனிதரைத் தாக்குவதும் ஒன்றாகுமா என்ற ஐயம் நியாயமானதே. மேலும், அக்குழந்தைகளிடமிருந்து கவர்ச்சியான விளையாட்டுப் பொருள்களை முதலில் பறித்துச் சற்றே எரிச்சலூட்டிய பிறகே அவர்களைக் கவனித்தார்கள். ஆகவே இதிலும் விரக்திக்கு இடமிருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தீர்வு
விரக்திக் கோட்பாடு: தடையைக் குறைத்தல்.
சமூகக் கற்றல்: முன்மாதிரியை மாற்றுதல்.

கோபம் எப்போது வெடிக்கிறது என்று அறிய முதலாவதும், அது ஏன் அடியாகவோ வசையாகவோ வடிவெடுக்கிறது என்று அறிய இரண்டாவதும் பொருந்தும். வீட்டில் அடி வாங்கும் பிள்ளையின் நிலையில் இரண்டாவதையே முதலில் ஆராய வேண்டும்.